லாப்ஸ் அண்ணாச்சி

நெய்வேலியில் சக்கரபாணி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. லாப்ஸ் அண்ணாச்சி வீடு என்று கேட்டால் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, கூடவே நடந்து வந்து கதவையும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பெயரில் ‘அண்ணாச்சி’யை வைத்தவள் நான். ‘லாப்ஸ்’ அவராகத் தேடிக்கொண்டது.

நான் காந்திமதி, நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அறுபதாம் வருஷம் இங்கே வேலைக்கு வந்தேன். சுரங்கம் தோண்டுகிற வேலைக்கு எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்த சமயம். காண்டிராக்ட்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு, தங்கள் ஆட்களுக்கென்று டவுன்ஷிப் ஓரத்தில் பத்துக் கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரியை நடத்தினார்கள். டாக்டர் கருணாகரன்தான் அதற்குப் பொறுப்பு. தங்கமான மனுஷர். ஆனால் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். சலவைக்குப் போட்ட துணிச் சீட்டில்கூடப் போட்டிருக்கிறார். அதனால் பணத்தைக் கவனிக்கக் கெட்டியான ஆள் வேண்டுமென்று கமிட்டி தேடிப் பிடித்து அனுப்பியவர்தான் சக்கரபாணி. பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் இருபது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்.

“வாங்க அண்ணாச்சி” என்றேன், வந்த அன்றைக்கு. எங்கள் ஊரில் வயதில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். “அண்ணாச்சியா? நான் மளிகைக்கடை வெச்சிக்கினு இல்லீங்களே, நர்ஸம்மா. கணக்கு எழுத வந்துக்கிறேன்.”

ஆள் குள்ளம். காதோரம் பென்சில். தோளில் பச்சைக் கரை போட்ட பெரிய துண்டு. அந்தத் துண்டு முகம் துடைக்க அல்ல. மண்டியில் விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்கு அடியில் போய்விடும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய் என்று கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சக்கரபாணி அந்தப் பழக்கத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். சென்னையிலிருந்து டையும் பேன்டுமாக வந்த மருந்துக் கம்பெனி ஏஜென்டின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்தார் பாருங்கள், அந்த ஆள் அலறியே விட்டான். விலை படிந்த பிறகு, “கொசுறு?” என்று கேட்டார். நூறு காய்க்கு ரெண்டு காய் மேலே போட்டுத் தருகிற மாதிரி டிஞ்சருக்கும் கொசுறு வேண்டுமாம். ஏஜென்ட் ஒரு காலண்டரைக் கொடுத்துத் தப்பித்தான்.

போகட்டும், இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

முத்தாண்டிக்குப்பத்தில் வீரம்மாள் என்று ஒரு பெண். சுரங்கத்தில் காண்டிராக்டில் மண் சுமந்தவள். அவள் புருஷன் பெரியண்ணனும் அதே வேலைதான். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க இடமில்லை. ஆம்பளைகளும் பொம்பளைகளும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு கித்தான் திரை, அவ்வளவுதான். வலி எடுத்தால் பண்ருட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். வீரம்மாளும் சுரங்கத்து வாசலில் ஏறினாள். முத்தாண்டிக்குப்பம் வருவதற்கு முன்னாலேயே, முந்திரித் தோப்போரம் பஸ்ஸை நிறுத்தி, பஸ்ஸிலேயே பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை. அடுத்த மாதம் அவள் கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தபோது, “ஒரு தரம் கத்தியிருந்தாக்கூடப் போதும் நர்ஸம்மா, காதுல கேட்டுக்கினு இருப்பேன்” என்றாள். அன்றைக்கே டாக்டரை இழுத்துக்கொண்டு போய்க் கமிட்டியில் நின்று சண்டை போட்டேன். அவர்களும் தொல்லை தாங்காமல் ‘லேபர் ரூம்’ என்று எழுதித் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள்.

நான் ஓடிவந்து, “அண்ணாச்சி, லேபர் ரூம் சாங்ஷன் ஆயாச்சு! சீக்கிரம் கட்டுற வழியப் பாருங்க” என்றேன்.

சக்கரபாணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “லேபருக்குன்னு ஒரு ரூமா? பரவால்லையே, நம்ம ஜனத்தையும் நெனைக்கிறதுக்கு ஆளு இருக்குதே” என்றார்.

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நெய்வேலியில் லேபர் என்றால் என்ன? விடிந்தால் பொழுது போனால் மேஸ்திரிகள் கத்துகிற சொல் அதுதானே. ‘இன்னிக்கு எத்தனை லேபர்?’ ‘லேபர் பத்தலை.’ ‘லேபரை லாரியில ஏத்து.’ இந்த ஊரில் குழந்தையைக் கேட்டாலும் லேபர் என்றால் கூலியாள் என்றுதான் சொல்லும். நர்ஸ் படிப்புப் படித்த எனக்கு மட்டும் அது பிரசவ வலி. என் அர்த்தத்தில் நான் பேச, அவர் அர்த்தத்தில் அவர் கேட்டுக்கொண்டார்.

இதற்கு முன்னாலேயே இன்னொரு கூத்து நடந்திருந்தது. கமிட்டியின் அக்கவுண்டன்ட் சங்கரலிங்கம், ஆஸ்பத்திரிப் பணத்தை எப்படி நிர்வாகம் செய்வது என்று சக்கரபாணிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தார். நான் பக்கத்தில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாகப் பணம் ஒதுக்குவோம், ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது என்று விளக்கினார். சக்கரபாணி மண்டையை ஆட்டினார். கடைசியில் சங்கரலிங்கம் எழுந்து, வாய் நிறைய வெற்றிலையோடு, “முக்கியமானதைச் சொல்லிட்டேன்னா போயிடலாம். மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் செலவு பண்ணாத பணமெல்லாம் லாப்ஸ் ஆயிடும். ஞாபகம் வச்சுக்குங்க” என்றார். வெற்றிலைச் சாறு வழியாமல் பேச வேண்டுமே, ‘லாப்ஸ்’ என்ற சொல்லின் வால் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

சக்கரபாணி காதில் விழுந்தது, ‘லாபம் ஆயிடும்.’

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! செலவு பண்ணாத பணமெல்லாம் லாபம் என்று எந்த மண்டி முதலாளியும் இத்தனை அழகாகச் சொன்னதில்லையாம். அதிலிருந்து எங்களைப் பிடித்தது சனியன். பஞ்சைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். டிஞ்சர் தடவத் தீக்குச்சி போதும் என்றார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தவனிடம், “வூட்ல போர்வை இருக்குமில்ல? எடுத்துக்கினு வந்து படு” என்றார். காலி பாட்டில், கிழிந்த சாக்கு, உடைந்த வாளி ஒன்றையும் எறிய விடாமல் ஸ்டோர் ரூமில் அடைத்தார். நான் சண்டைக்குப் போனால், “எல்லாம் லாபத்துக்குத்தான் நர்ஸம்மா” என்பார். மண்டிக்காரர் வாய், வேறெப்படிப் பேசும் என்று விட்டுவிட்டேன்.

அறுபத்திரண்டு ஜனவரியில் எனக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். நர்ஸாக இருந்துகொண்டு கீழாநெல்லி அரைத்துக் குடித்ததை டாக்டரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். புறப்படும்போது வீரம்மாள் மறுபடி வயிற்றுப் பிள்ளைக்காரி. பங்குனியில் பிள்ளை பிறக்கும். “நீ பயப்படாதே, அதுக்குள்ள லேபர் ரூம் வந்துடும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சக்கரபாணி புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“வாங்க நர்ஸம்மா. ரூம்பு ரெடி.”

பின்பக்கம் கூட்டிப் போனார். வேப்பமரத்தடியில் நாலு கழி நட்டு, மேலே கீற்று வேய்ந்து, தரையில் சிமென்ட் பூசி ஒரு கொட்டகை. முன்னால் பலகை. அதில் கொட்டை எழுத்தில் ‘லேபர் ரூம்’. உள்ளே ஏழெட்டு ஆம்பளைகள். இரண்டு பேர் படுத்துக் குறட்டை. ஒருத்தன் பீடி. மற்றவர்கள் சிமென்ட் தரையில் அடுப்புக்கரியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். புலி வைத்து ஆடிக்கொண்டிருந்தவன் வேறு யாருமில்லை, வீரம்மாள் புருஷன் பெரியண்ணன்.

“என்னவே இது?” என்றேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

“லேபர் ரூம்ங்க. ஜனங்க மருந்து வாங்க வந்தா நெழலுக்கு ஒதுங்க வாணாமா? கமிட்டி குடுத்த பணத்துல எவ்ளோ மிச்சம் புடிச்சிக்கிறேன் தெரியுங்களா? கீத்து என் மச்சான் தோப்புது, காசே இல்லை.”

“அடப் பாவி மனுசா! லேபர் ரூம்னா பிரசவம் பார்க்குற ரூம்வே! பிள்ளை பெறுற ரூம்!”

ஆடுபுலி நின்றது. பீடி நின்றது. குறட்டைகூட நின்றது. பெரியண்ணன் கையில் இருந்த புலிக்காயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், “இங்கியா?” என்றான்.

என் கத்தலைக் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரும், கூடவே சங்கரலிங்கமும் வந்தார்கள். வருஷக் கடைசிக் கணக்குப் பார்க்க வந்திருந்தாராம். சக்கரபாணி அப்போதும் அசரவில்லை. “சரி நர்ஸம்மா, பாஷை புரியல, தப்புதான். ஆனா பணம் பத்திரமா கெடக்குது. முக்காவாசி மிச்சம். அய்யாதான் சொன்னாரு, மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் செலவு பண்ணாததெல்லாம் லாபம்னு” என்று சங்கரலிங்கத்தைக் காட்டினார்.

சங்கரலிங்கம் அன்றைக்கு வெற்றிலை போட்டிருக்கவில்லை. “லாபமில்லைய்யா, லாப்ஸ்! லாப்ஸ்! காலாவதி! செலவு பண்ணாத பணம் கமிட்டிக்குத் திரும்பிப் போயிடும். போறது மட்டுமில்ல, இவங்களுக்குத் தேவையில்ல போலன்னு அடுத்த வருஷம் அந்தத் தலைப்பையே அடிச்சிடுவாங்க” என்றார்.

சக்கரபாணி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். திரும்பப் போட்டார். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “மிச்சம் புடிச்சா நஷ்டமா? இது என்னா வியாபாரம்ங்க?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. வீரம்மாளுக்கு நடந்ததைப் பெரியண்ணனை வைத்துக்கொண்டே சொன்னேன். அழாத பிள்ளையையும் சொன்னேன்.  சக்கரபாணி எழுந்தார். நேரே போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பாட்டிலையும் சாக்கையும் வாளியையும் வெளியே வீச ஆரம்பித்தார். “இது ரூம்புதானே? சொவுரு இருக்குது, கதவு இருக்குது. இதுல பண்ணலாமில்ல?” என்றார்.

பண்ணலாம். ஆனால் மாதம் முடிய மூன்று வாரம்தான். அதற்குள் தரை போட வேண்டும், தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், விளக்கு, கொதிகலன், கட்டில் எல்லாம் வர வேண்டும். வந்து சேர்ந்தால்தான் செலவு என்று சங்கரலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுத்தேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாராம்.

பெரியண்ணன் ஆடுபுலிக் கூட்டத்தோடு வந்து, ஷிப்ட் முடிந்த கையோடு மண்ணும் ஜல்லியும் சுமந்தான். கூலி கேட்கவில்லை. எல்லாம் வேகமாக நடந்தது, சக்கரபாணியின் துண்டைத் தவிர. சிமென்ட்காரனிடம் துண்டு. சுண்ணாம்புக்காரனிடம் துண்டு. குழாய் போட வந்தவன் துண்டுக்குள் கை விட்டு அரை நாள் உட்கார்ந்தான். கடைசியில் விலை படியாமல் எழுந்து போயே விட்டான். “செலவு பண்ணணும்னு தெரியுதுங்க. கை கேக்க மாட்டேங்குதே” என்றார் சக்கரபாணி.

“துண்டைக் கொடுங்க” என்றேன்.

“எதுக்குங்க?”

“கொடுங்கன்னா கொடுங்க.”

வாங்கிக் கொதிக்கிற அண்டாவில் போட்டு, காயவைத்து, என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். துண்டில்லாமல் அந்த மனுஷர் பட்ட பாடு! வாயால் விலை பேச அவருக்குக் கூச்சம். நியாயமான விலை சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, வெற்றுத் தோளைத் தடவிக்கொண்டே போவார். குழாய்க்காரன் திரும்பி வந்தான். தரை ஆயிற்று, சுவர் ஆயிற்று, விளக்கு எரிந்தது.

கட்டில்தான் பாக்கி. பிரசவத்துக்கான இரும்புக் கட்டில். டாக்டர் படம் வரைந்து கொடுத்து, பண்ருட்டியில் கொளஞ்சிநாதன் என்பவரின் பட்டறையில் செய்யச் சொல்லியிருந்தோம். முப்பத்தொன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸில் நானும் சக்கரபாணியும் அதை எடுத்துவரப் போனோம். கட்டில் தயாராகப் பளபளவென்று நின்றது. சக்கரபாணி பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலக் கட்டிலின் நாலு காலையும் விரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். “நல்ல சரக்கு” என்றார்.

கொளஞ்சிநாதன் பேசிய விலையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு விலை சொன்னார். இரும்பு ஏறிப்போச்சாம். எங்கள் கையில் இருந்ததைவிட ரொம்ப அதிகம். இன்றைக்கு எடுக்காவிட்டால் எங்களுக்கு விடிவில்லை என்று அந்த ஆளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரும் பக்கத்தில் இல்லை.

நான் பையைத் திறந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்து நீட்டினேன்.

“அண்ணாச்சி, உங்க கையில இருக்கு.”

அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கொளஞ்சிநாதன் கையைப் பிடித்துத் துண்டுக்குள் விட்டார். அப்புறம் நான் பார்த்ததெல்லாம் இரண்டு முழங்கை, இரண்டு முகம். கொளஞ்சிநாதன் முகம் முதலில் சிரித்தது. அப்புறம் சுளித்தது. ஒரு தடவை, “ஐயய்யோ, விரலு ஒடியுதுய்யா!” என்றார். கடைசியில் கையை உருவிக்கொண்டு, “எடுத்துக்கினு போங்க சாமி” என்று உள்ளே போய்விட்டார். எங்கள் கையில் இருந்த பணத்துக்கே படிந்துவிட்டது. சக்கரபாணி அவர் பின்னாலேயே போய், “கொசுறு?” என்று கேட்டு ஒரு முக்காலியும் வாங்கி வந்தார். பஸ் டிக்கெட்டுக்குச் சொந்தக் காசுதான்.

கட்டிலைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினோம். முத்தாண்டிக்குப்பத்தில் வண்டி நின்றபோது எதிர்ப்பக்கத்து மதகில் வீரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கையில் மூட்டையோடு பெரியண்ணன். கட்டில் இன்னும் வரவில்லையே என்று பண்ருட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

சக்கரபாணி சன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, “ஏ பெரியண்ணா! அந்தப் பக்கம் போவாத! இந்த வண்டில ஏத்து! கட்டிலு மேல இருக்குது!” என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

வீரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “வாணாங்க. அங்க வந்தா இந்த ஆளு ஆடுபுலி ஆட உக்காந்துக்குவாரு” என்றாள்.

“அந்த ரூம்பைப் பிரிச்சாச்சும்மா, ஏறு!” என்றார் சக்கரபாணி.

நான் இறங்கி அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். கண்டக்டர் கட்டிலுக்கு லக்கேஜ், ஆளுக்கு டிக்கெட் என்று ஆரம்பித்தார். சக்கரபாணி துண்டைக் கையில் எடுத்ததும், எதையோ புரிந்துகொண்டு அந்த ஆள் விசிலை ஊதிவிட்டார்.

முந்திரித் தோப்பு வந்தபோது வீரம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். சிரிப்பெல்லாம் அங்கே நின்றுபோனது. “இது அந்த வண்டி இல்லடி, பார்த்துக்கோ. இது நம்ம ஆஸ்பத்திரிக்குப் போகுது” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 

ஆஸ்பத்திரியில் கட்டிலை இறக்கிக் கழுவி, புது ரூமில் போட்டு, வீரம்மாளைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே மேஜை போட்டுச் சங்கரலிங்கம் வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னோடு உள்ளே. கதவுக்கு அந்தப் பக்கம் சங்கரலிங்கம் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. “கட்டில் வந்தாச்சு, சரி. சக்கரபாணி, லேபர் ரூம் தலைப்புல மிச்சம் எவ்வளவு? அஞ்சு மணிக்குள்ள எழுதி முடிக்கணும். சொல்லுமய்யா, மிச்சம் எவ்வளவு?”  இந்தப் பக்கம் வீரம்மாள் கத்தினாள். அந்தப் பக்கம் மறுபடி சங்கரலிங்கம், “என்னய்யா, கேக்குறது காதுல விழலையா?” 

பிள்ளை வந்தது. பொம்பளைப் பிள்ளை.  வீரம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அம்மாடி, என்ன கத்து! சுரங்கத்துச் சங்கு தோற்றது. வீரம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள் என்று பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

துடைத்துச் சுற்றி வெளியே கொண்டு வந்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் சக்கரபாணி, அந்தப் பக்கம் சங்கரலிங்கம். இரண்டு பேர் கையும் பச்சைக் கரைத் துண்டுக்குள்.

“பாருங்க நர்ஸம்மா” என்றார் சங்கரலிங்கம் பரிதாபமாக. “மிச்சம் எவ்வளவுன்னு கேட்டா, என் கையில ஒத்தை விரலைத் திணிச்சுட்டு நிக்கிறாரு. ஒண்ணுன்னா என்ன? ஒரு ரூபாயா, நூறு ரூபாயா?”

“மிச்சம் ஒண்ணுமில்லீங்க, சுத்தமா செலவாயிப் போச்சு” என்றார் சக்கரபாணி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க ஒரு கைதான் சும்மா இருந்தது. “லாபம்தான் ஒண்ணு. தோ, நர்ஸம்மா கையில அழுதுக்கினு இருக்குது, எழுதிக்குங்க.”